6/8, 9/8, 12/8: இசை மென்பொருளில் கூட்டுத் தாளத்தைச் சரியாக அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து டைம் சிக்னேச்சரை 6/8 ஆக்குங்கள். வேகத்தை 80 பிபிஎம் என்று கொடுத்து மெட்ரோநோமை ஓட விடுங்கள். 'ஒரு நிமிடத்துக்கு எண்பது அடி' என்று மனத்தில் நினைத்திருந்த பாட்டு இழுவையாக நகரும். தாளம் தட்டிக் காட்டும் அந்த மெட்ரோநோம் ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) இரண்டு முறை அடிக்காமல் ஆறு முறை அடிக்கும். மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. நீங்கள் சொன்ன 80 வேறு, அது புரிந்துகொண்ட 80 வேறு.

இசைத் தயாரிப்பு மென்பொருளுக்கு ஒரு பாரின் நீளம் தெரியும். அந்த நீளத்துக்குள் துடிப்பு எங்கே விழுகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அதை நாம்தான் ஒவ்வோர் இடத்திலும் சொல்லித் தர வேண்டும்: வேகத்தில், மெட்ரோநோமில், கிரிட்டில், டிலேயில், நோட்டேஷனில். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

தகிட தகிட, தக தக தக

கூட்டுத் தாளத்தில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். 6/8 என்றால் ஆறு எய்த் நோட்டுகள். ஆனால் அடிகள் இரண்டுதான். தகிட தகிட என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 9/8 மூன்று தகிட, 12/8 நான்கு தகிட. ஓர் அடியின் மதிப்பு புள்ளி வைத்த குவார்ட்டர் நோட் (புள்ளி வைத்தால் நீளம் ஒன்றரை மடங்கு), அதாவது மூன்று எய்த் நோட்.

இப்போது அதே ஆறு எய்த் நோட்டுகளைத் தக தக தக என்று சொல்லுங்கள். அது 3/4. நீளத்தில் இரண்டுக்கும் இம்மியளவு வேறுபாடு இல்லை. ஒரு குவார்ட்டர் நோட்டை 960 டிக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளில் 6/8 பாரும் 2,880 டிக், 3/4 பாரும் 2,880 டிக். காதுக்கு இவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். டிக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. இந்த வழிகாட்டியில் வரும் தொல்லைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்தக் கணக்குமுறை, மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடியோடு வந்தது. 1983-இல் அறிமுகமான மிடியில், கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கடிகாரத் துடிப்பு குவார்ட்டர் நோட்டுக்கு 24 என்று வைத்தார்கள். 1988-இல் வந்த ஸ்டாண்டர்ட் மிடி கோப்பு முறையில் வேகம் 'ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு இத்தனை மைக்ரோ வினாடி' என்றே எழுதப்படுகிறது. 120 பிபிஎம் என்றால் 5,00,000. டைம் சிக்னேச்சர் எதுவானாலும் அலகு குவார்ட்டர் நோட்தான்.

அந்தக் கோப்பு முறையை வகுத்தவர்கள் கூட்டுத் தாளத்தை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டைம் சிக்னேச்சருக்கு நான்கு எண்கள் ஒதுக்கினார்கள். 6/8-க்கு அவை 06, 03, 24, 08. முதலாவது மேல் எண். இரண்டாவது கீழ் எண்ணுக்கான அடுக்கு; 2-இன் மூன்றாம் அடுக்கு 8. மூன்றாவதாக வரும் 24 பதினாறடிமான எண், நம் வழக்கமான கணக்கில் 36. மெட்ரோநோம் 36 கடிகாரத் துடிப்புக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அது அப்படியே புள்ளி வைத்த குவார்ட்டர் நோட். நான்காவது, ஒரு குவார்ட்டர் நோட்டுக்குள் எத்தனை முப்பத்திரண்டாம் நோட்டுகள் என்ற எண். ஆக, துடிப்பைக் கோப்பிலேயே எழுதிவைக்க இடம் இருக்கிறது. ஆனால் பல மென்பொருள்கள் அந்த மூன்றாவது எண்ணைப் பொருட்படுத்துவதில்லை.

முதல் படி: வேகத்தை ஒன்றரையால் பெருக்குங்கள்

மனத்தில் இருக்கும் அடியின் வேகத்தை 1.5-ஆல் பெருக்கி அந்த எண்ணை மென்பொருளில் கொடுங்கள். 60 என்றால் 90. 72 என்றால் 108. 80 என்றால் 120. 96 என்றால் 144. நோட்டேஷன் தாளில் புள்ளி வைத்த குவார்ட்டர் நோட்டுக்கு நேராக எழுதியிருக்கும் எண்ணையும் இப்படித்தான் மாற்ற வேண்டும். எதிர்த்திசையில் போகும்போது 1.5-ஆல் வகுக்க வேண்டும்.

டேப் டெம்போ பொத்தானில் அடியைத் தட்டினால் மென்பொருள் அதைக் குவார்ட்டர் நோட் என்றே எடுத்துக்கொள்ளும். 80 என்று காட்டும். கணக்குப் போட விருப்பம் இல்லாதவர்கள் தகிடவின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தட்டு தட்டி, வரும் எண்ணைப் பாதியாக்கலாம். எண்பது அடி வேகத்தில் எய்த் நோட்டுகள் நிமிடத்துக்கு 240, பாதி 120. சரியான விடை கிடைத்துவிடும்.

ப்ரோ டூல்ஸ் போன்ற சிலவற்றில் வேகத்தைக் கொடுக்கும் பெட்டியிலேயே எந்த நோட் மதிப்புக்கு அந்த வேகம் என்று தேர்ந்தெடுக்க முடியும், புள்ளி வைத்த மதிப்புகள் உட்பட. மற்ற மென்பொருள்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி வரும் கணக்குகளுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 6/8, அடி வேகம் 80, மென்பொருளில் 120. எய்த் நோட் 250 மில்லி வினாடி. ஓர் அடி 750. ஒரு பார் 1,500.

இரண்டாம் படி: 6/8-ஆ, 12/8-ஆ, 4/4-இல் ட்ரிப்லெட்டா?

மும்மூன்றாக நடக்கும் ஒரு பாட்டை 4/4-இல் ட்ரிப்லெட் கிரிட் வைத்தும் செய்யலாம், 12/8-இலும் செய்யலாம். ஒலி ஒன்றுதான். 4/4-இல் 90 பிபிஎம் என்றிருந்தால் 12/8-இல் 135. இதில் எது சரி என்ற சண்டை தேவையற்றது. எது வசதி என்பதே கேள்வி.

பாட்டு முழுக்கத் திஸ்ர நடையில் போகிறதென்றால் தயங்காமல் 6/8 அல்லது 12/8 வையுங்கள். நோட்டேஷன் தெளிவாக வரும், எங்கே பார்த்தாலும் '3' என்ற அடைப்புக் குறிகள் முளைக்காது, 1/8 கிரிட் அப்படியே பொருந்தும். டிரம்ஸ் ஷஃபிள் போட்டு, மேலே பாடுபவர் நேரான எய்த் நோட்டுகளில் பாடுகிறார், லூப்புகளும் 4/4-இல் வாங்கியவை என்றால் 4/4-இலேயே இருந்துவிடுங்கள். அங்கே 12/8-க்கு மாறினால் ஒவ்வொரு லூப்பையும் மல்லுக்கட்டி நிறுத்த வேண்டியிருக்கும்.

6/8-க்கும் 12/8-க்கும் இடையே தேர்வு சொற்றொடரின் நீளத்தைப் பொறுத்தது. ஸ்நேர் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் விழுந்து, மெட்டு நான்கு அடிக்கு ஒருமுறை மூச்சு விடுகிறதென்றால் அது 12/8. ஒவ்வொரு இரண்டு அடிக்கும் இசைக்கோல் (கார்ட்) மாறி, ஊஞ்சல் போல் இருபுறமும் சரிசமமாக ஆடினால் 6/8.

டைம் சிக்னேச்சரை ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே பாட்டின் தொடக்கப் புள்ளியில் வைத்துவிடுங்கள். பிறகு மாற்றினாலும் பெரும்பாலான மென்பொருள்களில் நோட்டுகள் இடம்பெயராது. பார்க்கோடுகள் மட்டுமே நகரும். ஆனாலும் மார்க்கர்கள், கிளிப்பின் நீளங்கள், லூப் எல்லைகள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க நேரும். எஃப்எல் ஸ்டுடியோவில் டைம் சிக்னேச்சர் வசதி முறையாக வந்தது 2018-இல் வெளியான 20-ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்தைய பதிப்பில் செய்த பழைய ப்ராஜெக்ட்டுகளில், ஓர் அடிக்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்ணை 3 ஆக்கிச் சமாளித்திருப்பார்கள். அத்தகைய கோப்பைத் திறந்தால் வேகத்தின் எண் அடியையே குறிக்கும். ஒன்றரைப் பெருக்கல் அங்கே வேண்டாம்.

மூன்றாம் படி: மெட்ரோநோமுக்கு அடியைச் சொல்லிக் கொடுங்கள்

6/8-இல் பெரும்பாலான மெட்ரோநோம்கள் கீழ் எண்ணைப் பார்த்து ஆறு தட்டு தட்டும்; முதல் தட்டு மட்டும் உரக்க ஒலிக்கும். நான்காவது தட்டு, அதாவது இரண்டாம் அடி, மற்றவற்றோடு கலந்து போய்விடும். பாடுபவருக்கு இது எவ்வளவு தொல்லை என்பது ஹெட்ஃபோனில் கேட்டால்தான் தெரியும். ஆறு சம எடைத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டே பாடும்போது குரல் ஒவ்வொரு தட்டிலும் உட்காரப் பார்க்கிறது. இரண்டு அடிகளுக்கு இடையே தவழ வேண்டிய வரி துண்டு துண்டாகிறது.

ஏபிள்டன் லைவில் மெட்ரோநோமின் அமைப்புப் பட்டியலில் 'ரிதம்' என்ற பகுதி உண்டு. அது 'ஆட்டோ'வில் இருக்கும் வரை கீழ் எண்ணைப் பின்பற்றும். க்யூபேஸில் கிளிக் பேட்டர்ன் எடிட்டர் இருக்கிறது. ஆறு தட்டுகளில் முதலாவதை வலுவாகவும் நான்காவதை நடுத்தரமாகவும் மற்றவற்றை மெல்லியதாகவும் வைத்துக்கொள்ளலாம். ரீப்பரில் டைம் சிக்னேச்சர் மார்க்கரிலேயே எந்தத் தட்டு வலுவானது, எது மெல்லியது என்ற வரிசையை எழுதிக் கொடுக்கலாம். ப்ரோ டூல்ஸில் மீட்டரை மாற்றும் பெட்டியில் கிளிக் எந்த நோட்டுக்கு விழ வேண்டும் என்று கேட்கும். புள்ளி வைத்த குவார்ட்டர் நோட்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. லாஜிக் ப்ரோவில் டைம் சிக்னேச்சர் பெட்டியின் 'பீட் குரூப்பிங்' இடத்தில் 3+3 என்று எழுதுங்கள்.

எந்த மென்பொருளானாலும் நான் பரிந்துரைப்பது கையால் செய்த கிளிக் டிராக்தான். ஒரு மிடி டிராக்கைத் திறந்து, கூர்மையான ஒலி ஒன்றை எடுத்து, ஒரு பார் நீளக் கிளிப்பில் ஆறு எய்த் நோட்டுகளையும் போடுங்கள். முதலாவதன் வெலாசிட்டி (தட்டின் அழுத்தம்) 115, நான்காவது 95, மற்ற நான்கும் 45. பாட்டு முழுவதும் அதை நகலெடுங்கள். மெதுவான பாட்டில் சிறு தட்டுகள் துணை நிற்கும். வேகமான பாட்டில் அவற்றை மியூட் செய்துவிட்டு இரண்டு அடிகளை மட்டும் விடலாம். ப்ராஜெக்ட்டை வேறொருவருக்கு அனுப்பும்போது இந்த டிராக்கை ஆடியோவாகச் சேர்த்தே அனுப்பலாம். அவருடைய மென்பொருள் எதுவானாலும் அடி தப்பாது.

கவுன்ட்-இன் இரண்டு பார் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஒரு பார் ஒன்றரை வினாடிதான். மூச்சை இழுத்துத் தயாராவதற்குள் பாட்டு தொடங்கிவிடும்.

நான்காம் படி: கிரிட், குவான்டைஸ், ஸ்விங்

கிரிட்டை, அதாவது திரையில் நோட்டுகள் ஒட்டும் கட்டக் கோடுகளை, 1/8 அல்லது 1/16-இல் வையுங்கள். ட்ரிப்லெட் கிரிட்டை அணைத்துவிடுங்கள். மூன்றாகப் பிரிவது டைம் சிக்னேச்சரிலேயே இருக்கிறது; மேலே ட்ரிப்லெட்டும் போட்டால் மூன்றை மறுபடி மூன்றாக்கும் குழப்பம்தான் மிஞ்சும்.

கூட்டுத் தாளத்தில் ஓர் அடிக்குள் இரண்டு சம நோட்டுகள் வாசிக்க வேண்டிய இடங்கள் வரும். அந்த ட்யூப்லெட்டுக்குத் தனிக் கிரிட்டைத் தேட வேண்டாம். புள்ளி வைத்த எய்த் நோட்டின் நீளம் சரியாக அதுவே. 960 டிக் கணக்கில் அடி 1,440, அதில் பாதி 720, புள்ளி வைத்த எய்த்தும் 720. ஓர் அடிக்குள் நான்கு சம நோட் வேண்டுமென்றால் புள்ளி வைத்த சிக்ஸ்டீன்த், 360 டிக். குவான்டைஸ் (நோட்டுகளைக் கிரிட்டுக்கு இழுத்து ஒட்டவைக்கும் வசதி) பட்டியலில் புள்ளி வைத்த மதிப்புகள் இல்லாத மென்பொருளில் கிரிட்டை 1/32-க்கு மாற்றுங்கள்: ட்யூப்லெட்டின் இரண்டாம் நோட் ஆறு கட்டம் தள்ளி விழும், நான்கு நோட்டுகள் மும்மூன்று கட்டமாக விழும்.

ஸ்விங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் புரியாமல் பலரும் இங்கே ஒரு பாட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். ஸ்விங் என்பது நோட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதைத் தாமதப்படுத்துவது. 6/8-இல் 1/8 ஸ்விங் போட்டால் ஜோடிகள் (1,2), (3,4), (5,6) என்று அமையும். தாமதமாகும் நோட்டுகள் 2, 4, 6. நான்காவது நோட்தானே இரண்டாம் அடி! பாரின் இரண்டாவது தூணே பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கிக் அல்லது ஸ்நேர் அங்கே விழுந்தால் தாளம் தடுக்கி விழுவது போலக் கேட்கும். 9/8-இல் நிலைமை இன்னும் மோசம்: பாரில் ஒன்பது நோட்டுகள் இருப்பதால் ஜோடி பார்க்கோட்டைத் தாண்டிப் போகிறது, தொடக்கத்திலிருந்து தொடர்ந்து எண்ணும் மென்பொருளில் ஒரு பாரில் ஒரு மாதிரியும் அடுத்த பாரில் வேறு மாதிரியும் தாமதம் விழும்.

கூட்டுத் தாளத்தில் ஸ்விங் வேண்டுமானால் 1/16 அளவில் மட்டும் போடுங்கள். அங்கே ஒவ்வோர் எய்த் நோட்டும் இரண்டாகப் பிரிகிறது. அடிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 1/8 அளவில் உயிரோட்டம் வேண்டுமென்றால், தகிட-வின் மூன்றாவது எழுத்தை 10 முதல் 20 டிக் வரை கையால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்படிச் செய்த நான்கு பாரின் நடையை அச்சாக (க்ரூவ் டெம்ப்ளேட்) சேமித்து மற்ற டிராக்குகளுக்கும் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: டிலே, எல்எஃப்ஓ, ஆர்பெஜியேட்டர்

டிலே போன்ற சேர்க்கைக் கருவியான ப்ளக்-இன்னுக்கு மென்பொருள் தரும் தகவல் மிகக் குறைவு. ப்ளக்-இன்னும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் விஎஸ்டி 3 முறையில் வேகம், டைம் சிக்னேச்சரின் மேல் எண், கீழ் எண், பாட்டில் இப்போது இருக்கும் இடம், பார் தொடங்கிய இடம் ஆகியவை போகும். இடங்கள் குவார்ட்டர் நோட் கணக்கில்தான் போகும். மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணு என்று சொல்ல வழியில்லை.

ஆகவே டிலேயில் 1/4 தேர்ந்தெடுத்தால் எதிரொலி 500 மில்லி வினாடிக்கு ஒருமுறை வரும். இரண்டு எய்த் நோட் இடைவெளி. உங்கள் தகிட தகிட மேல் அது தக தக தக என்று ஓடும். வேண்டுமென்றே செய்தால் அழகு; தெரியாமல் நடந்தால் வரிகள் மங்கும். அடியோடு ஒட்டிப்போக 1/4 புள்ளி வைத்ததைத் தேர்ந்தெடுங்கள்: 750 மில்லி வினாடி. குரலுக்கு இடப்பக்கம் 750, வலப்பக்கம் 250 என்று வைத்தால் எதிரொலி தாளத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். 4/4 பாட்டுகளில் பலரும் விரும்பும் புள்ளி வைத்த 1/8 இங்கே 375. அடியைச் சரிபாதியாக வெட்டும். கிட்டாருக்கு ஓரிரு வரியில் நன்றாக இருக்கும், பாட்டு முழுக்க வேண்டாம்.

ஃபில்ட்டர் போன்றவற்றைச் சுழற்சியாக ஏற்றி இறக்கும் எல்எஃப்ஓ-வில் 1/1 அல்லது '1 பார்' என்றிருப்பதை நம்பிவிடாதீர்கள். பல ப்ளக்-இன்களில் அது எப்போதும் நான்கு குவார்ட்டர் நோட். 6/8 பாரோ மூன்று குவார்ட்டர் நோட். ஃபில்ட்டர் ஒவ்வொரு பாரிலும் வேறோர் இடத்தில் திறக்கும். நான்கு பாருக்கு ஒருமுறைதான் இரண்டும் மறுபடி சந்திக்கும். 6/8-க்கு ஒரு பார் சுழற்சி வேண்டுமென்றால் புள்ளி வைத்த 1/2. 12/8-க்குப் புள்ளி வைத்த 1/1. 9/8-க்கு மட்டும் இப்படி ஒரே மதிப்பு கிடையாது; பார் நான்கரை குவார்ட்டர் நோட் நீளம். அங்கே எல்எஃப்ஓ-வை அடி அளவில், புள்ளி வைத்த 1/4-இல் ஓட விட்டு, பார் அளவிலான ஏற்ற இறக்கத்தை ஆட்டோமேஷனில் வரைவதுதான் வழி.

பிடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டரில் நான்கு நோட் இசைக்கோலைப் பிடித்து 1/8-இல் ஓட விட்டால் நான்கின் சுழற்சி ஆறின் மேல் வழுக்கும். மூன்று நோட் பிடியுங்கள், அல்லது வடிவத்தை ஆறு ஸ்டெப்பாக்குங்கள். மிடி கடிகாரத்தில் ஓடும் டிரம் கருவிக்கும் இதே விதி: பதினாறு ஸ்டெப்பைப் பன்னிரண்டாகக் குறைத்தால் சிக்ஸ்டீன்த் கணக்கில் 6/8-இன் ஒரு பார். கருவியின் திரையில் 120 என்றே காட்டும், பதற வேண்டாம்.

ஆறாம் படி: வெளியிலிருந்து வரும் லூப்புகள்

வேகம் கண்டறியும் வசதி 6/8 லூப்பைக் கேட்டு 80, 120, 160, 240 என்று எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடும். இரட்டிப்பாக்கும், பாதியாக்கும் பொத்தான்கள் 80-ஐ ஒருபோதும் 120 ஆக்கா. எண்ணைக் கையால் எழுதுங்கள். ஐயம் இருந்தால் நீளத்திலிருந்து கணக்கிடுங்கள்: நான்கு பார் 6/8 என்றால் 12 குவார்ட்டர் நோட், லூப் 6 வினாடி ஓடுகிறதென்றால் 12-ஐ 60-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க, 120.

ஏழாம் படி: பாட்டின் நடுவே தாளம் மாறினால்

4/4, 100 பிபிஎம்-இல் போகும் பாட்டு 6/8-க்கு மாறுகிறது என்று வையுங்கள். இரண்டு வழிகள் உண்டு. எய்த் நோட்டின் வேகம் அப்படியே இருக்க வேண்டுமானால் வேகத்தைத் தொட வேண்டாம். அடி மட்டும் மெதுவாகி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 ஆகும். அடியின் வேகம் அப்படியே இருந்து உள்ளே மூன்றாகப் பிரிய வேண்டுமானால் அந்தப் பாரின் தொடக்கத்தில் வேகத்தை 150-க்குத் தாவ வையுங்கள். தாவல்தான், படிப்படியான ஏற்றம் கூடாது. திரும்பும் இடத்தில் மறுபடி 100.

இரண்டாவது வழியில், வேகத்தோடு இணைந்த ஒவ்வொரு ப்ளக்-இன்னும் அந்த நொடியில் மாறும். 100-இல் 1/4 டிலே 600 மில்லி வினாடி. 150-இல் அதுவே 400. காதுக்கு அடி மாறவில்லை, எதிரொலி மட்டும் தடுமாறும். புள்ளி வைத்த 1/4-க்கு மாற்றினால் 150-இல் மறுபடி 600 வரும். இதற்காக ஆட்டோமேஷன் எழுதுவதைவிட, அந்த டிலேயின் சிங்க்கை அணைத்துவிட்டு 600 மில்லி வினாடி என்று நேரடியாக எழுதுவது எளிது. இரண்டு பகுதிகளுக்கும் அதுவே பொருந்தும்.

7/8, 5/8 போன்ற கலப்புத் தாளங்களுக்கும் முறை இதுவே. வேகம் குவார்ட்டர் நோட் கணக்கில், கிரிட் 1/8-இல், கிளிக் கையால் செய்தது. 7/8-ஐத் தகிட தகதிமி என்று எண்ணுகிறீர்களா, தகதிமி தகிட என்று எண்ணுகிறீர்களா என்பதை மென்பொருளால் ஊகிக்க முடியாது.

எட்டாம் படி: வெளியே அனுப்பும்போது

நோட்டேஷனில் எய்த் நோட்டுகள் மும்மூன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருந்தால் வாசிப்பவர் 3/4 என்று எடுத்துக்கொள்வார். மேலே வேகக் குறியைப் புள்ளி வைத்த குவார்ட்டர் நோட் = 80 என்று கையால் எழுதுங்கள்; வாத்தியக்காரர் கையில் 120 என்ற எண் போகக் கூடாது.

மிடி கோப்பில் 6/8 என்ற குறி போகும். 3+3 என்ற குழுப்பிரிப்பு பெரும்பாலும் மறுமுனைக்குப் போய்ச் சேராது. ஆடியோ ஸ்டெம்களை (டிராக்குகளின் தனித்தனி ஒலிக்கோப்புகளை) அனுப்பினால் கோப்பின் பெயரிலேயே '6-8, குவார்ட்டர் 120, அடி 80' என்று இரண்டு எண்களையும் எழுதி, கிளிக் டிராக்கையும் ஒரு ஸ்டெம்மாக வையுங்கள். மிக்ஸ் செய்பவர் 120 என்ற எண்ணைப் போட்டு ஸ்டெம்களை வைத்ததும் பார்க்கோடுகள் உங்கள் திரையில் இருந்த இடத்திலேயே விழும்.